மார்கழிக் காலைக்கான சைக்கிள் ஜாக்கெட்: குறையை வைத்துக் காரணம் தேடும் வழி

மார்கழி, தை மாதங்களில் வடசென்னையின் விடியற்காலை வெப்பநிலை பெரும்பாலும் 20 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கிறது. காற்றில் ஈரமோ அந்த நேரத்தில்தான் மிக அதிகம். குளிர்நாடுகளை எண்ணித் தைக்கப்பட்ட பெண்களுக்கான மெல்லிய சைக்கிள் ஜாக்கெட்டுகள் இங்கே தொல்லை கொடுப்பதற்குக் குளிர் காரணமல்ல. வெளியேற வழியில்லாமல் உள்ளே தங்கிவிடும் வியர்வைதான் காரணம். எனக்குத் தையல் தெரியும் என்பதால், எங்கள் பக்கத்தில் காலையில் சைக்கிள் மிதிக்கும் பெண்கள் தங்கள் ஜாக்கெட்டுகளை என்னிடம் கொண்டுவருவது வழக்கம். ஆள் மாறினாலும் குறை மாறுவதில்லை என்பதால் அவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

உங்கள் ஜாக்கெட்டின் குறை எந்தத் தலைப்பில் வருகிறதோ அங்கே தொடங்கி, மேலிருந்து கீழாக வாருங்கள். காசில்லாமல் தீர்வது முதலில் இருக்கும், தையற்காரரிடம் போவது அடுத்து, புதிது வாங்குவது கடைசி. குறை தீர்ந்த இடத்தில் நின்றுவிடலாம்.

உள்ளே நனைந்துவிடுகிறது, நின்றவுடன் குளிர்கிறது

வீடு திரும்பியதும் ஜாக்கெட்டைக் கொடியில் போடுவதற்கு முன், உட்புறத்தை வெளியே திருப்பி, ஈரம் எங்கே இருக்கிறது என்று உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். ஈரம் இருக்கும் இடத்தைப் பொறுத்துக் காரணம் மாறும்.

*முதுகில் மட்டும் ஈரம்*

முதுகுப்பைதான் காரணம். காற்றுப் போவதற்கென்று முதுகில் வைத்துத் தைத்திருக்கும் வலைத்துணியைப் பை முழுவதுமாக அடைத்துவிடுகிறது. பையைக் கேரியருக்கு மாற்றிவிட்டு ஒரு வாரம் பாருங்கள். சாப்பாட்டுப் பாத்திரமும் மாற்றுத்துணியும் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள் பையை முதுகில்தான் மாட்ட வேண்டியிருக்கிறது என்றால், வலைத்துணி வைத்த ஜாக்கெட்டுக்குக் கூடுதல் விலை கொடுப்பதில் பொருளில்லை.

*முன்னும் பின்னும் ஈரம்*

முதலில் உள்ளே என்ன அணிந்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். பருத்திச் சட்டையோ பருத்திக் குர்த்தாவோ வியர்வையை உறிஞ்சித் தன்னிடமே வைத்துக்கொள்ளும்; அதன்மேல் எவ்வளவு விலை உயர்ந்த ஜாக்கெட்டைப் போட்டாலும் உடம்பை ஒட்டியிருப்பது ஈரத்துணியே. மெல்லிய பாலியஸ்டர் பனியனுக்கு மாறினாலே என்னிடம் வந்தவர்களில் பலருக்குக் குறை தீர்ந்துவிட்டது.

அடுத்தது, எப்போது போடுகிறீர்கள், எப்போது கழற்றுகிறீர்கள் என்பது. வாசலில் நிற்கும்போதே கதகதப்பாக இருந்தால், பத்து நிமிடம் மிதித்த பிறகு அந்த ஜாக்கெட் மிகை. புறப்படும்போது சற்றுக் குளிர்வதுதான் சரியான அளவு. ராயபுரத்திலிருந்தோ தண்டையார்பேட்டையிலிருந்தோ எண்ணூர் விரைவுச்சாலையில் போகிறவர்கள் இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். இந்த மாதங்களில் காற்று வடக்கு, வடகிழக்குப் பக்கமிருந்து வீசும் நாள்கள் அதிகம் என்பதால், போகும்போது எதிர்காற்று வியர்வையை உலர்த்திக்கொண்டே வருகிறது. திரும்பும்போது காற்று முதுகைத் தள்ளுவதால் உடம்பின்மேல் காற்று அதிகம் படுவதில்லை, வெயிலும் ஏறத் தொடங்கிவிடுகிறது. போகும்போது உலர்ந்திருந்த ஜாக்கெட் வரும்போது ஊறிப்போவது இதனால்தான். கத்திவாக்கத்திலோ எண்ணூர் கழிமுகத்தருகிலோ திரும்பும் இடத்திலேயே கழற்றிச் சுருட்டி, சைக்கிள் சட்டையின் முதுகுப் பாக்கெட்டில் வைத்துவிடுங்கள். சுருட்டினால் பாக்கெட்டில் அடங்காத ஜாக்கெட் என்றால் அதை மெல்லியது என்று சொல்ல முடியாது; 100 முதல் 150 கிராம் வரை உள்ளவை பெரும்பாலும் ஒரு கைப்பிடிக்குள் அடங்கும்.

இவ்விரண்டும் சரியாக இருந்தும் நனைகிறது என்றால், அளவைப் பாருங்கள். உள்சட்டைக்கும் ஜாக்கெட்டுக்கும் இடையே காற்று நகர இடம் வேண்டும். ஜிப்பைப் போட்டு, வயிற்றுப் பக்கத்துத் துணியை இரு விரலால் கிள்ளிப் பிடிக்க முடியவில்லை என்றால் அது இறுக்கம்.

அதன் பிறகு சலவை. துணியை மென்மையாக்கும் திரவத்தில் முக்கி எடுப்பது பல வீடுகளில் பழக்கமாகிவிட்டது. அந்தத் திரவம் துணியின்மேல் மெழுகு போலப் படிந்து, நீராவி போகும் வழியை அடைப்பதோடு நீரை உருட்டிவிடும் மேற்பூச்சையும் செயலிழக்கச் செய்கிறது. அளவாகத் திரவச் சோப்பு விட்டு, குளிர்ந்த நீரில் கையால் அலசி, சோப்புப் போகும்வரை மீண்டும் இருமுறை வெறும் நீரில் அலசுங்கள்.

கடைசியாகத் துணியையே சோதிக்க வேண்டும். ஜாக்கெட்டின் முதுகுத் துணியை வாயோடு ஒட்டிப் பிடித்து ஊதிப் பாருங்கள். மூச்சு சிறிதும் மறுபக்கம் வரவில்லை என்றால் அது முழுதும் அடைத்த துணி. ஜாக்கெட்டோடு வரும் விவரச்சீட்டில் 10,000 மில்லிமீட்டர், 10,000 கிராம் என்று இரண்டு எண்கள் அச்சிட்டிருக்கலாம். முதல் எண் எவ்வளவு நீரழுத்தத்தைத் தாங்கும் என்பதையும், இரண்டாவது ஒரு சதுர மீட்டர் துணி 24 மணி நேரத்தில் எவ்வளவு நீராவியை வெளியே விடும் என்பதையும் சொல்கின்றன. இரண்டாவது எண்ணை நம்பி ஏமாந்தவர்கள் நிறைய. இத்தகைய துணியில் உள்ள நீர் புகாத படலம் நீராவியை வெளியே அனுப்புவதற்கு, வெளியே இருப்பதைவிட உள்ளே ஈரமும் வெப்பமும் நன்றாக மிகுந்திருக்க வேண்டும். வெளிக்காற்றே ஈரத்தில் நிறைந்திருக்கும் காசிமேட்டுக் காலையில் அந்த வேறுபாடு குறைந்துவிடுவதால், ஆய்வகத்தில் வாங்கிய மதிப்பெண் சாலையில் கிடைப்பதில்லை. இந்த நிலையில் பழுதுபார்க்க ஒன்றும் இல்லை. முன்பக்கமும் தோளும் காற்றைத் தடுக்கும் துணி, முதுகும் அக்குளும் வலைத்துணி அல்லது துளையிட்ட துணி என்று தைக்கப்பட்ட ஜாக்கெட்டுக்கு மாற வேண்டும்.

*கையில் மட்டும் ஈரம்*

உள் முழங்கையில் மட்டும் ஈரம் தேங்குகிறது என்றால் உங்களுக்குக் கை வைத்த ஜாக்கெட்டே தேவையில்லை. கையில்லாத, காற்றுத் தடுக்கும் மேலணி போதும். சொல்லப்போனால் புழல், மாதவரம், மணலி வட்டத்துக்குள் மிதிக்கும் பெண்களில் பெரும்பாலோருக்கு அதுதான் சரியான தேர்வு என்பது என் எண்ணம். கடைக்காரர்கள்தான் அதை முதலில் எடுத்துக் காட்டுவதில்லை.

மார்பிலும் தொண்டையிலும் காற்று ஏறுகிறது

ஜிப் கழுத்துவரை ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். தாலிச் சங்கிலி ஜிப்பில் மாட்டிக்கொள்ளும் என்ற பயத்தால் பலர் இரண்டு விரற்கடை கீழேயே நிறுத்திவிடுகிறார்கள். பயம் நியாயமானதுதான். சங்கிலியை உள்சட்டைக்குள் விட்டுவிட்டு, ஜிப்பின் பின்னால் நீளவாக்கில் ஒரு துணிப்பட்டி ஓடுகிறதா என்று தடவிப் பாருங்கள். அந்தப் பட்டி இருந்தால் சங்கிலியும் மாட்டாது, ஜிப்பின் பல்லிடுக்கில் காற்றும் நுழையாது. இல்லையென்றால், நான்கு சென்டிமீட்டர் அகல மெல்லிய நைலான் துணியை ஒரு பக்கம் மட்டும் சேர்த்துத் தைத்துத் தரும்படி எந்தத் தையற்காரரிடமும் சொல்லலாம்.

பட்டி இருந்தும் குளிர்கிறது என்றால் டேபிள் ஃபேன் சோதனை செய்யுங்கள். மின்விசிறியை முழு வேகத்தில் வைத்து, ஜாக்கெட்டின் முன்பக்கத்தை அதன் எதிரே பிடித்து, நனைத்த புறங்கையைத் துணிக்குப் பின்னால் வையுங்கள். கை சில்லென்று ஆனால் துணி காற்றை விடுகிறது. உடம்பைச் சூடாக வைத்திருக்கும் ஓட்டப்பயிற்சிச் சட்டையை ஜாக்கெட் என்று விற்றிருப்பார்கள்.

இதற்காகப் புதிது வாங்க வேண்டிய அவசியம் வடசென்னைச் சாலைகளில் வராது. ஏற்காட்டுக்கோ ஏலகிரிக்கோ போகிறவர்களுக்குத்தான் வரும். 1000 மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 6 டிகிரி குறைகிறது. ஏற்காடு 1500 மீட்டருக்கு மேல். வியர்க்க வியர்க்க ஏறிவிட்டு, மிதிக்காமல் 20 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது அடிக்கும் காற்று வேறு. ஜாக்கெட் போதவில்லை என்றால், இறங்குவதற்கு முன் செய்தித்தாளை நான்காக மடித்து ஜாக்கெட்டுக்கும் சட்டைக்கும் நடுவே மார்பில் வைத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய மலைப்பந்தயக்காரர்களே நெடுங்காலமாகச் செய்துவந்தது அது.

முன்பக்கம் சுருண்டு ஏறுகிறது. முதுகின் கீழ்ப்பகுதி தெரிகிறது

இந்தக் குறை கண்ணாடி முன்னால் நிமிர்ந்து நின்று பார்த்தால் தெரியாது. சைக்கிளைச் சுவரில் சாய்த்து ஏறி உட்கார்ந்து, கைப்பிடியைப் பிடித்த நிலையில் வீட்டிலிருப்பவரைப் பக்கவாட்டில் ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள்.

முதலில், ஜாக்கெட்டின் கீழ் ஓரத்தில் உள்ள இழுகயிறு அல்லது எலாஸ்டிக். இடுப்பெலும்புக்கு மேலே இறுக்கியிருந்தால், ஒவ்வொரு மிதிக்கும் அது மெலிந்த இடத்தைத் தேடி மேலே ஏறும். தளர்த்தி, எலும்புக்குக் கீழே இறக்கி, பிறகு இறுக்குங்கள். வழுக்கும் சில்க் குர்த்தாவின்மேல் எந்த எலாஸ்டிக்கும் நிற்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இரண்டாவது, இருபக்க ஜிப். கீழிருந்தும் திறக்கக்கூடிய ஜிப் என்றால் கீழே ஒரு சாண் திறந்துவிடுங்கள். வயிற்றில் சுருளும் துணி விலகி வழிவிடும். உட்கார்ந்து மிதிக்கும் பெண்ணுக்கு இதைவிடப் பயனுள்ள ஒரு வசதியை நான் பார்த்ததில்லை.

மூன்றாவது, வெட்டு. ஆண்கள் ஜாக்கெட்டின் சிறிய அளவை எடுத்து, இளஞ்சிவப்புச் சாயம் ஏற்றி, பெண்களுக்கானது என்று எழுதி விற்பது நடக்கிறது. கண்டுபிடிப்பது எளிது. ஜாக்கெட்டை மேசையில் விரித்து, மார்பின் அகலத்தையும் கீழ் ஓரத்தின் அகலத்தையும் அளந்து பாருங்கள். பெண்களுக்கென்று வெட்டியதில் கீழ் ஓரம் மார்புக்குச் சமமாகவோ சற்று அகன்றோ இருக்கும், இடுப்பில் உள்வாங்கும், மார்புக்கு டாட் (துணியைக் கூம்பாக மடித்துத் தைப்பது) பிடித்திருக்கும் அல்லது வளைவான தையல் ஓடும். மேலிருந்து கீழே ஒரே நேர்க்கோடாகக் குறுகி வந்தால் அது ஆண்கள் வெட்டு. மார்பு துணியை முன்னால் இழுக்கிறது, இடுப்பு மேலே தள்ளுகிறது, இரண்டுக்கும் நடுவில் முதுகு திறந்துவிடுகிறது.

வெட்டுதான் குறை என்றால் தையற்காரரிடம் போங்கள். இருபக்கத் தையலையும் இடுப்பிலிருந்து கீழே பிரித்து, நீட்சியுள்ள துணியில் முக்கோணத் துண்டு வைத்துத் தைக்கச் சொல்ல வேண்டும். அதற்கு முன் உள்தையலைப் பாருங்கள். தையலின்மேல் நீர் புகாத நாடா ஒட்டியிருந்தால், பிரித்த இடத்தில் அந்த நாடா திரும்ப ஒட்டாது. அத்தகைய ஜாக்கெட்டைச் சாதாரண மிஷினில் கொடுக்க வேண்டாம். வண்ணாரப்பேட்டையில் எதையும் தைத்துத் தருவார்கள் என்பது உண்மைதான், ஆனால் ஊசி போன ஒவ்வொரு துளையிலும் தண்ணீரும் போகும்.

கை மணிக்கட்டுக்கு மேலே ஏறுவதும், தோளின் பின்புறம் இறுகுவதும் இதோடு சேர்ந்து வந்தால், ஜாக்கெட்டை விட்டுவிட்டுச் சைக்கிளைப் பாருங்கள். கைப்பிடி எட்டாத தூரத்தில் இருந்தால் எந்த அளவு ஜாக்கெட்டும் இழுக்கும். மிதித்து முடித்தபின் கழுத்தும் உள்ளங்கையும் வலிப்பது அதற்கு அடையாளம். கைப்பிடியைத் தாங்கும் ஸ்டெம்மைக் குட்டையானதாக மாற்றித் தரும்படி சைக்கிள் கடையில் கேளுங்கள். புது ஜாக்கெட்டைவிட அது பெரும்பாலும் மலிவு.

காற்றில் படபடவென்று அடிக்கிறது

அளவு பெரிது. இழுகயிற்றை இறுக்கியும் தோளில் படபடத்தால் பக்கவாட்டில் பிடித்துத் தைக்கலாம். தோளைப் பிடிப்பது தையற்காரருக்கே தலைவலி, அதற்கு அளவை மாற்றிக்கொள்வதே மேல்.

ஜிப் இறங்கவில்லை, அல்லது போட்டபின் பிரிகிறது

கடலோரத்தில் இது தனித் தொல்லை. ஜிப்பில் ஏறி இறங்கும் ரன்னர் உலோகமாக இருந்தால் உப்புக்காற்றில் பூத்துவிடும். ரன்னரின் பக்கவாட்டில் வெண்மையாகவோ பச்சையாகவோ படிந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வெதுவெதுப்பான நீரில் பழைய பல்துலக்கியால் தேய்த்து, உலர்ந்தபின் மெழுகுவத்தியை ஜிப்பின் இரு வரிசையிலும் தடவி, பலமுறை ஏற்றி இறக்குங்கள். தேங்காய் எண்ணெய் விட வேண்டாம். அன்றைக்கு இறங்கும், அடுத்த வாரம் தூசியைப் பிடித்து இன்னும் இறுகும்.

ரன்னர் கடந்து போன பிறகும் பல் பிரிகிறது என்றால் ரன்னர் வாய் அகன்றுவிட்டது. குறட்டால் அதன் இரு பக்க ஓரங்களையும் பின்முனையில் மெல்ல அழுத்துங்கள். ஒரே அழுத்தாக அழுத்தினால் உடைந்துவிடும். அதுவும் நிற்கவில்லை என்றால் ரன்னரை மட்டும் மாற்றலாம். அதன் பின்புறத்தில் 3 அல்லது 5 என்று எண் இருக்கும், அதே எண்ணில் கேட்டால் தையல் சாமான் கடைகளில் கிடைக்கும். பல்லே ஓரிடத்தில் உடைந்திருந்தால்தான் முழு ஜிப்பையும் மாற்ற வேண்டும். அப்போது உலோகப் பல் ஜிப்பை ஒப்புக்கொள்ளாதீர்கள். நைலான் சுருள் ஜிப் என்று சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

தூறலிலேயே ஊறிவிடுகிறது

மெல்லிய காற்றுத்தடுப்பு ஜாக்கெட் மழைக்கோட்டு அல்ல. தூறலைச் சிறிது நேரம் உருட்டிவிடுவது மட்டுமே அதன் வேலை. வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கும் நாளில் ஜாக்கெட்டைப் பற்றிப் பேசவே வேண்டாம், சைக்கிளை எடுக்காதீர்கள்.

தூறலையும் தாங்கவில்லை என்றால், கையில் தண்ணீர் எடுத்து ஜாக்கெட்டின் பல இடங்களில் தெளித்துப் பாருங்கள். முன்பக்கத்தில் முத்தாக உருண்டு, காலரிலும் மேல்முதுகிலும் மட்டும் கருத்து உள்ளே இறங்கினால், காரணம் பின்னலில் உள்ள எண்ணெய். தலைக்கு எண்ணெய் தடவிப் பின்னலிட்டுப் போகும் பெண்களின் ஜாக்கெட்டில், பின்னல் புரளும் வழியெல்லாம் ஒரு கரும்பட்டை இறங்கியிருப்பதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் காணலாம். அந்த இடத்தில் திரவச் சோப்பை விரலால் தடவி, கால் மணி நேரம் விட்டு அலசுங்கள். மிதிக்கும்போது பின்னலைக் கொண்டையாக முடிந்துகொள்வது நிலையான தீர்வு.

எல்லா இடத்திலும் ஊறினால் மேற்பூச்சு களைத்துவிட்டது. நன்றாக அலசி உலர்த்திய பின், சலவைக் குறிப்பில் இஸ்திரிக்குத் தடை இல்லையென்றால், மேலே ஒரு பருத்தித் துணியைப் போட்டு மிகக் குறைந்த சூட்டில் இஸ்திரி போடுங்கள். சூடு பட்டால் பூச்சு ஓரளவு மீளும். மீளவில்லை என்றால் நீர்விலக்கித் தெளிப்பான் வாங்கி அடிக்கலாம். தோளின் தையல் வழியாக மட்டும் நீர் வருகிறது என்றால் உள்நாடா பெயர்ந்திருக்கும். மலையேற்றக் கருவிகள் பழுதுபார்ப்பவரிடம் மட்டுமே அதைக் கொடுக்கலாம்.

உட்புறம் பிசுபிசுக்கிறது, அல்லது தவிடாக உதிர்கிறது

இதற்குத் தீர்வு இல்லை. உட்பூச்சாக உள்ள பாலியூரித்தேன் காற்றிலுள்ள ஈரத்தால் சிதைந்துவிட்டது. பயன்படுத்தாமல் பீரோவில் மடித்து வைத்திருந்தாலும் இது நடக்கும். வியர்வை ஈரத்தோடு மடித்து வைத்தால் விரைந்து நடக்கும். அடுத்த ஜாக்கெட்டை நிழலில் முழுக்க உலர்த்தி, மடிக்காமல் ஹேங்கரில் மாட்டுங்கள்.

ஏற்றுமதி மிச்சம் என்று மலிவாகக் கிடைப்பதை வாங்கும்போது இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். உட்புறத்தைக் கட்டை விரலால் அழுத்தித் தேயுங்கள். விரல் ஒட்டி ஒட்டி நகர்ந்தால், அல்லது புளித்த வாடை வந்தால், எவ்வளவு மலிவென்றாலும் வைத்துவிட்டு வாருங்கள்.

இருட்டில் ஆள் தெரியவில்லை என்கிறார்கள்

துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளோடு சாலையைப் பகிர்ந்துகொள்ளும் நமக்கு இது மற்ற எல்லாக் குறைகளையும்விடப் பெரியது. அறை விளக்கை அணைத்துவிட்டு, ஜாக்கெட் அணிந்து நிற்கும் உங்களைப் பத்தடி தூரத்திலிருந்து கைப்பேசியின் ஃபிளாஷோடு படம் எடுக்கச் சொல்லுங்கள். ஒளிரும் பட்டை படத்தில் வெள்ளையாகப் பளிச்சிட வேண்டும். மங்கலாக இருந்தால் அழுக்கா என்று துடைத்துப் பாருங்கள். வெடித்து உதிர்ந்திருந்தால் மேலே குறுக்காக அணியும் ஒளிர்பட்டை போதும். முதுகுப்பை மாட்டுகிறவர்கள் பட்டையைப் பையின்மேல் கட்ட வேண்டும். எந்தப் பட்டையும் பின்விளக்குக்கு மாற்று அல்ல.

எந்த ஜாக்கெட் போட்டாலும் நடுக்கம் அல்லது இளைப்பு

மிதிக்கும்போது மூச்சு இழுப்பது, மார்பு இறுகுவது, முடித்த பிறகும் இருமல் நிற்காதது ஆகியவற்றை ஜாக்கெட்டால் தீர்க்க முடியாது, மருத்துவரிடம் போங்கள். போகிக் காலையில் புகை தரையோடு நிற்கும்போது நல்ல நுரையீரலுக்கே ஆகாது. 20 டிகிரியில் உலர்ந்த உடையோடு இருந்தும் நடுங்கினால் காய்ச்சலா என்று பாருங்கள்.

மாற்றுவதென்று முடிவானால்

கடைக்குப் போகும்போது மிதிக்கும்போது அணியும் சட்டையையே உள்ளே அணிந்து போங்கள். ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, இரு கையையும் முன்னால் நீட்டி இடுப்பை வளைத்து நில்லுங்கள். கூச்சப்பட்டு நிமிர்ந்தே நின்று வாங்கியவர்கள்தான் மூன்றாவது தலைப்புக்கு வருகிறார்கள். மணிக்கட்டு மூடியிருக்க வேண்டும், முதுகின் கீழ் ஓரம் இடுப்பெலும்பைத் தாண்டி இறங்கியிருக்க வேண்டும், காலரின் மேல் முனையில் ஜிப் தாடையை உரசாதபடி சிறு துணி மடிப்பு இருக்க வேண்டும். முதுகுத் துணியை ஊதிப் பார்க்கக் கடைக்காரர் விடமாட்டார். உள்ளிருந்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் வலைத்துணியின் கண்கள் தெரியும். நிறம் எதுவானாலும் கறுப்பு வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் விலைச்சீட்டை அறுக்காமல், உங்கள் சொந்தச் சைக்கிளில் உட்கார்ந்து இன்னொரு முறை பாருங்கள். மாற்றித் தரும் கெடு எத்தனை நாள் என்பதைப் பில் போடும்போதே கேட்டு, பில்லின் பின்பக்கம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.